இசக்கி ஓடிய சுரங்கம்

நிலவுப் பயிற்சிச் சுரங்கம், மேற்கு முனை, கண்காணிப்பு அறை.
எழுதுபவர்: ஜெபமணி, விளையாட்டு உடலியல் ஆய்வாளர்.

காலை 7.25

வழக்கமான பதிவு. ஓட்ட வீராங்கனை இசக்கியம்மாள் கிழக்கு முனையிலுள்ள குடியிருப்பிலிருந்து கிளம்பிவிட்டாள். என் அறைக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இடுப்பில் ஒட்டிய வேர்வைப் பட்டை ஒழுங்காகத் தகவல் அனுப்புகிறது. உப்பு சரி. தசை களைக்கும்போது ஏறும் லாக்டேட் இன்னும் கீழேதான் இருக்கிறது. இங்கே ஈர்ப்பு குறைவு. வேர்வை வழிந்து சொட்டாது, கூழ்போலத் தோலில் அப்பிக்கொள்ளும். பட்டைக்கு அது வசதி.

பட்டை அதிரவும் செய்யும். நான் ஒருமுறை அதிரவிட்டால் நிதானம், இருமுறை என்றால் வேகம். அவளுக்கு இது அறவே பிடிக்காது. இன்று கிளம்பும்போதும் ரேடியோவில் முறைப்பாடு: "அண்ணாச்சி, ஓடுதது நானா, இந்தப் பிளாஸ்திரியா?"

அறைச் சுவாசமுகமூடி பழுதுபார்க்கப் போனது இன்னும் வரவில்லை. மறுபடி கேட்டு எழுதினேன்.

காலை 7.50

நில அதிர்வு. மேசை நகர்ந்தது. விளக்குகள் போய்ப் பாதிதான் திரும்பின. சுரங்கத்தின் கூரையில் எங்கோ விரிசல், காற்றழுத்தம் இறங்குகிறது. என் அறைக் கதவு தானாக மூடிக்கொண்டது.

இசக்கி நடுவழியில் இருந்தாள். அவள் ரேடியோ பேசவில்லை. பட்டை மட்டும் பேசுகிறது. சைரன் கேட்டால் கிழக்கே ஓட வேண்டும் என்பது விதி. திரும்பி ஓடுகிறாள்; சமிக்ஞை மெலிந்துகொண்டே போகிறது.

காலை 8.05

காற்று அடர்த்தி குறையக் குறைய அவள் லாக்டேட் எகிறுகிறது. பயத்தில் ஓடுகிறாள். இந்த வேகத்தில் போனால் கிழக்குக் கதவுக்கு முன்பே விழுவாள். மெதுவாகப் போனால் காற்று முந்திக்கொள்ளும். ஒருமுறை அதிரவிட்டேன். கேட்கவில்லை. மறுபடி. மறுபடி.

குறைத்தாள். முதல்முறையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

காலை 8.20

பட்டை வெறுமை காட்டுகிறது. வேர்வை இல்லை. அழுத்தம் குறைந்த காற்று ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம். அல்லது வேறு காரணம். அந்த வேறு காரணத்தை எழுத மாட்டேன்.

இரண்டு முறை அதிரவிட்டேன். இனி வேகம்தான். அவளுக்குத் தெரிகிறதோ இல்லையோ.

காலை 8.30

கிழக்கிலிருந்து பயிற்சியாளர் கோட்டைச்சாமியின் குரல், கம்பித் தொலைபேசியில்: "டாக்டர், பிள்ளை வந்துருச்சு. கதவச் சாத்திட்டேன். மூக்குல ரத்தம், மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காலை 9.15

என் அறையின் காற்றுச் சுத்திகரிப்பான் அதிர்விலேயே நின்றிருக்கிறது. இப்போதுதான் கவனித்தேன். நான் விடும் மூச்சே இங்கே தேங்குகிறது. தலைவலி. தலைமை நிலையத்து மீட்பு வண்டி மாலையில்தான் வரும். அதுவரை இந்தக் காற்று தாங்காது. கோட்டைச்சாமியிடம் மறைக்காமல் சொன்னேன். அதிர்வில் அவர் தோளெலும்பு முறிந்திருக்கிறது, இங்கே வர வழியில்லை. இசக்கியிடம் சொல்லவேண்டாம் என்றேன். பிறகுதான் புரிந்தது, அவள் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறாள்.

காலை 9.40

பட்டை மறுபடி உயிர்பெற்றிருக்கிறது. சமிக்ஞை கூடுகிறது.

கோட்டைச்சாமி: "தடுத்துப் பாத்தேன் டாக்டர். இங்க இருந்த ரெண்டு முகமூடியையும் தூக்கிட்டு ஓடிருச்சு. ஒண்ணு தனக்கு, ஒண்ணு உங்களுக்காம்."

அந்த முகமூடிகள் நடப்பதற்கானவை. ஓடுகிறவள் மூச்சுக்கு அவற்றின் ஆக்சிஜன் உருளை பாதி வழிகூட வராது. ஒருமுறை அதிரவிட்டேன். விடாமல் விட்டேன். திரும்பிப் போ என்பதற்கு எங்களிடம் குறி இல்லை. வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

காலை 10.05

எழுத்து கோணுகிறது. மன்னிக்கவும்.

லாக்டேட் நான் எந்த உடம்பிலும் பார்க்காத உயரம். தன் உருளை தீர்ந்திருக்க வேண்டும். இன்னொன்று அவள் தோளில் இருக்கிறது. அதை எடுத்து மாட்டு, இசக்கி. மாட்டு.

கோட்டைச்சாமியிடம் கேட்டேன், மாட்டுவாளா என்று. அழுகிற குரலில் சொன்னார்: "மாட்டாது டாக்டர். போறப்பவே சொல்லிருச்சு, 'அண்ணாச்சிக்கு உள்ளதத் தொட மாட்டேன்'னு."

கதவின் சிறிய கண்ணாடியில் முகம் வைத்துப் பார்க்கிறேன். இருட்டு.

10.15

வெளிச்சம். அவள் தலைவிளக்கு. துள்ளித் துள்ளி வருகிறது.

தாழ்ந்தது.

தரையில் கிடக்கிறது. அசையவில்லை. கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டால் கேட்காது.

10.17

யோசிக்க வேண்டும். தலை ஓடவில்லை.

கதவைத் திறந்தால் இங்குள்ள காற்றெல்லாம் வெளியே போய்விடும். திரும்பி வர அறை இருக்காது. எனக்கு ஓடிப் பழக்கமில்லை. இருபது வருடமாக ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருந்தவன்.

அவளிடம் ஒரு முகமூடி இருக்கிறது. இருவர் மாறி மாறி மூச்சு விடலாம். கிழக்குவரை வருமா, தெரியாது. வராது என்றும் சொல்ல முடியாது.

கோட்டைச்சாமி திறக்க வேண்டாம் என்கிறார். அவள் போய்விட்டாள் என்கிறார்.

10.18

பட்டையில் புதிய அளவு. உப்பு. கொஞ்சம்தான். முந்தையதைவிட வேறு எண். இப்போது ஊறிய வேர்வை.

செத்த உடம்புக்கு வேர்க்காது.

இதை எடுப்பவருக்கு: நாங்கள் சுரங்கத்தில் இருப்போம், கிழக்குப் பக்கமாகப் பாருங்கள். ஒரு முகமூடி, இரண்டு பேர்.

கதவைத் திறக்கிறேன்.