கடலுக்கு முதுகு காட்டியது

அன்புள்ள ஞானஜோதி,

மூட்டுவலி குறைந்ததா? வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கோவளத்தில் என் கண்ணாடியும் போனும் கடலோடு போய்விட்டன. நான் சொல்லச் சொல்ல, அறையில் கூட இருக்கும் எபிதான் எழுதுகிறான்.

இந்த ஆபீஸ் பசங்களோடு முடியவில்லை. 'காலை மட்டும் நனைக்கிறோம் சார்' என்று உள்ளே உள்ளே போனார்கள். மறிப்பதற்காக முன்னால் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆபத்தை விளக்கினேன். கரையில் வலை பின்னியவர், "யோவ் சார், பின்னால அலை வந்துகினு கீது" என்றார். பேசி முடித்துவிட்டுத் திரும்பலாம் என்றிருந்தேன். அலையே முடித்துவைத்தது. கூட வந்திருந்த எபிதான் என் காலரைப் பிடித்து இழுத்தான்.

பயப்படாதே, முழங்கால் தண்ணீர்தான். பழைய கண்ணாடியை அனுப்பு. கொஞ்சம் கருவாடும் வை, மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

அவசரத்தில்,
எலியேசர்

அக்கா, நான் எபி. அண்ணனால இப்ப இதைப் படிக்க முடியாது. முழங்கால் இல்ல, கழுத்து.