ரீம் என்றால் இடம்

அன்புள்ள சின்னவன் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் நலம். பட்டறையில் ரீமர் விரலைக் கொஞ்சம் கீறியது, அவ்வளவுதான். இரும்பில் போட்ட துளையை அகலமாக்கும் கருவி அது. அந்த வேலைக்கு 'ரீம்' என்று பெயர்.

கட்டுப் போட்டுவிட்ட பக்கத்து மெஷின்காரரை நாங்கள் 'அகராதி' என்போம். "ரீம்னா பழைய இங்கிலீஷ்ல இடம் பண்ணிக் குடுக்கறதுன்னு அர்த்தம். ரூம்கூட அதுக்குச் சொந்தம்தான்" என்றார்.

"அப்போ நம்ம ரூமை ரீம் பண்ணுங்க, எட்டுப் பேரு படுக்கணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

என் தலையணை உறை கிழிந்துவிட்டது. உன்னுடையதில் ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

சின்னவன் என் இடத்தில் படுக்கிறானாமே, படுக்கட்டும். சங்கு ஊதுகிறது, போகிறேன். நான் வரும் அன்று மட்டும் அவனைக் கொஞ்சம் நகர்ந்து படுக்கச் சொல்.

சின்னவன் அப்பா