அதே இடம், அதே அளவு

திங்கட்கிழமை காலை அந்த வீடியோ மறுபடியும் வந்தது. எங்கள் அடுக்குமாடிக் குரூப்பில் மூன்றாவது மாடிக்காரர் அனுப்பியிருந்தார். "சேலத்தில் நடமாடும் திருடன், உஷார்" என்று மேலே ஒரு வரி. ஒருவர் பச்சை கேட்டைத் திறக்கிறார், அக்கம்பக்கம் பார்க்கிறார், மாடிப்படி ஏறுகிறார், துணி சுற்றிய மூட்டையோடு இறங்கிப் போகிறார். முழுதாக அரை நிமிடம்கூட இல்லை. மூலையில் இருந்த, நீயும் நானும் நடத்திய பேஜின் பெயரை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். சேலமாம். அந்தப் பச்சை கேட் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை உனக்கு எதுவும் எழுதவில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நாம் இருவரும் டெஸ்கில் உட்கார்ந்து எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம். ஆனால் இந்த வாரம் எனக்கு ஒரு செய்தி கிடைத்தது. அதை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

இருபது வருடம் எதிரெதிர் மேஜை. நீ ரிப்போர்ட்டர், நான் உதவி ஆசிரியர். பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போதே பேசிக்கொண்டே வருவாய். நீ நாலு பக்கம் எழுதுவாய், நான் அதை ஒன்றரைப் பக்கமாக வெட்டுவேன். "உன் கையில குடுத்தா கல்யாணப் பத்திரிகைகூட கருமாதிப் பத்திரிகை சைஸுக்கு வந்துடும்" என்பாய். நம்முடையது சின்ன மாலைப் பத்திரிகை. திருச்சியைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அங்கே இரண்டு வழக்கங்கள் இருந்தன. யார் மேலாவது குற்றம் சொல்லும் செய்தி என்றால், தாளின் அடியில் நீ "கேட்டாச்சு" என்று எழுதியிருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் பார்த்தோ போனிலோ கேட்டாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு சொல் இல்லாமல் நான் எதையும் அச்சுக்கு விட்டதில்லை. இன்னொன்று, தப்பாக எதையாவது போட்டுவிட்டால் திருத்தத்தை அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவில் போட வேண்டும்.

ஒரு முறை மோசடி வழக்கு ஒன்றில் வேறு ஒருவரின் படத்தை முதல் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்குப் போட்டுவிட்டோம். மறுநாள் அதே மூன்று பத்தி அகலத்தில் அதே படத்தைப் போட்டு, இவருக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்று எழுதினோம். திட்ட வந்த மனிதர் பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு போனார், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க. அன்று முழுக்க உனக்குக் கால் தரையில் பாவவில்லை. "தப்பு எவ்ளோ பெருசோ, திருத்தமும் அவ்ளோ பெருசா இருக்கணும்" என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் போய்ச் சொன்னாய்.

பத்திரிகையை மூடிய பிறகு நாம் சும்மா இருக்கவில்லை. நீ போனிலேயே ஒரு பேஜ் ஆரம்பித்தாய். காவிரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்பதால் 'இரு கரை' என்று பெயர் வைத்தாய். தண்ணீர் வராத நேரம், மின்தடை, முக்கொம்பு அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள், எந்தத் தெருவில் எந்தப் பஸ்ஸைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று எல்லாம் வந்தது. சாக்கடை அடைத்துக்கொண்ட படத்தை ஒரு அம்மா அனுப்பினால், மாலைக்குள் ஆள் வந்து நிற்கும். பத்திரிகையில் இருந்தபோது அதே புகார் ஆசிரியர் கடிதமாக வந்து, நான் அதை வெட்டி, அது அச்சாகி, யாராவது அசைவதற்கு ஒரு மாதம் ஆகும். அதனால் எனக்கும் அதில் மயக்கம்தான். வார்டு கவுன்சிலர் நம் பேஜுக்கு வந்து பதில் சொன்னபோது நாம் இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி சந்தோஷப்பட்டோம். பிறகு அவர் வார்டுக் கூட்டம் நடத்துவதையே விட்டுவிட்டார். கேட்டால், பேஜில் பதில் போட்டுவிட்டேனே என்றார். அதை அப்போது நாம் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு நாள் பச்சை கேட் வீட்டுக் கீழ்த்தளத்துக்காரர்களுக்கு ஒரு வெள்ளிக் குடம் காணாமல் போயிருந்தது. வாசல் கேமராவில் பதிவானதை உனக்கு அனுப்பி, இவர் யார் என்று தெரிந்தால் சொல்லவும் என்று போடச் சொன்னார்கள். நீ என்னைக் கூப்பிட்டாய்.

"அந்த ஆளக் கேக்காம எப்படிப் போடறது?" என்று ஆரம்பித்தவள் நீதான். தாளும் இல்லை, பத்திரிகையும் இல்லை, ஆனால் உனக்குப் பழக்கம் விடவில்லை.

"யாருன்னே தெரியாதவர எங்கடீ போய்க் கேக்கறது? யாருன்னு தெரிஞ்சுக்கத்தானே போடச் சொல்றாங்க" என்றேன்.

"அவசரப்படாத. நாளைக்குப் பாத்துக்கலாமா?"

"இன்னும் பத்து நிமிஷத்துல வேற பேஜ்ல வந்துடும். அப்புறம் நம்மள யாரும் சீண்ட மாட்டாங்க. போட்டுடு."

இருபது வருடம் உன்னை நிறுத்தி நிறுத்திக் கேட்டவள் நான். அன்று தள்ளிவிட்டவளும் நான்தான்.

மாலை ஆறு மணிக்கு மாடியில் குடியிருப்பவர் வேலையிலிருந்து வந்து போன் செய்தார். "அவரு எங்க சீலிங் ஃபேன காயில் கட்ட எடுத்துட்டுப் போனாருங்க. சாவிய நான்தாங்க குடுத்தேன்" என்றார். வெள்ளிக் குடம் மறுநாள் புத்தூரில் அவர்கள் வீட்டு நாத்தனாரிடம் இருப்பது தெரிந்தது, ஒரு வளைகாப்புக்கு இரவல் போயிருந்தது. ஆனால் அதற்குள் வீடியோ ஆற்றைத் தாண்டிவிட்டது. இந்தப் பக்கம் மாம்பழச் சாலையில் நாலு பேர் அந்த மெக்கானிக்கின் மொபெட்டை மறித்து, போனைப் பார்ப்பதும் முகத்தைப் பார்ப்பதுமாக நின்று, பையைக் கொட்டச் சொல்லி, சட்டையைப் பிடித்து இழுத்திருந்தார்கள். ஜீயபுரத்துக்காரர். வீடு வீடாகப் போய் ஃபேன், மிக்சி, தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். திருடன் என்று பெயர் வாங்கியவரை யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

நீ வீடியோவை நீக்கினாய். திருத்தம் போட்டாய். வீடியோவை அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. திருத்தத்தை அனுப்பியது நீயும் நானும் உன் தம்பி மகளும். பத்திரிகையில் நேற்றுத் தப்பைப் படித்தவர்தான் இன்று திருத்தத்தையும் படிப்பார். இங்கே யாருக்கு எதைக் காட்டுவது என்பது நம் கையில் இல்லை. கோபம் வரவழைப்பது ஊரெல்லாம் போகும், மன்னிப்புக் கேட்பது நம் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். வந்த சில பேரும் திருத்தத்தைப் படிக்கவில்லை, உன் பெயரைப் படித்தார்கள், அது எந்த மதத்துப் பெயர் என்று. எதற்கு இவ்வளவு வக்காலத்து, அவன் உங்க ஆளா என்று கேட்டார்கள். "உங்க ஆளும் இல்ல, எங்க ஆளும் இல்ல, ஃபேன் மெக்கானிக்" என்று பதில் போட்டாய். அதற்கும் சிரிக்கும் பொம்மைகள் வந்தன. பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவளை ஊரை விட்டுப் போகச் சொன்னார் ஒருவர். அதை நீ என்னிடம் படித்துக் காட்டும்போது சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை.

யார் கேட்டாலும் "நான்தான் போட்டேன்" என்றாய். என் பெயரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. வீடியோவில் முகம் தெரிந்தது, எனவே திருத்தத்திலும் முகம் தெரிய வேண்டும். அச்சகத்தில் கொடுத்து, அவருடைய படத்தைப் பெரிதாகப் போட்டு, 'இவர் திருடர் அல்ல' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் அடித்தாய். அவரையும் கேட்டாய். "உங்க இஷ்டங்க அக்கா" என்றார். நமக்கு அது போதுமானதாக இருந்தது. பேப்பர் ஏஜென்ட்டுகளிடம் சொல்லி ஒரு நாள் காலை எல்லாப் பேப்பருக்குள்ளும் நோட்டீஸைச் செருகி வீடு வீடாகப் போகச் செய்தாய். மீதியை நாமே சுவரில் ஒட்டினோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து ஜீயபுரம் டீக்கடை வரை. சித்திரை வெயில். பசை வாளியைப் பிடித்தது நான், ஒட்டியது நீ. ஜீயபுரத்தில் அவர் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நீ ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது "இன்னைக்குத்தான்டீ தூங்குவேன்" என்றாய்.

புத்தூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதையேதான் கேட்டாய். மூச்சு வாங்கிக்கொண்டு, இடையிடையே நிறுத்தி, "அவருக்குத் திருத்தம் ஒழுங்காப் போட்டோம்ல?" என்றாய். "போட்டோம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய்.

இனி இந்த வாரத்துக் கதை. திங்கட்கிழமை வீடியோவைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேஜ் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உட்கார்ந்து எழுதினேன். அந்த வீடியோவை முதலில் போட்டது நம் பேஜ், கேட்காமல் போடச் சொன்னது நான், என் பெயர் இது என்று எல்லாம் எழுதினேன். வெட்டுவதற்கு ஒரு சொல்கூட இல்லை. இத்தனை நாள் உன் தலையில் இருந்ததை என் தலைக்கு மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. ஆனால் அவரைக் கேட்காமல் போடக் கை வரவில்லை. புதன்கிழமை பஸ் ஏறி ஜீயபுரம் போனேன்.

வாழைத்தோப்பை ஒட்டி ஒரு சின்னக் கடை. வயல்காரர்களின் தண்ணீர் மோட்டாருக்கு காயில் கட்டிக்கொண்டிருந்தார். வீடுகளுக்குள் போகிற வேலையை அப்போதே விட்டுவிட்டாராம். நீ போன செய்தி தெரிந்திருந்தது. எழுதிக் கொண்டுபோனதைப் படித்துக் காட்டினேன். அன்று போடச் சொன்னது நான்தான் என்பதையும் வாய்விட்டுச் சொன்னேன். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"சரிங்க" என்றார். பிறகு, "அத மட்டும் போடாதீங்க" என்றார்.

"உங்க மேல தப்பு இல்லன்னுதானே எழுதியிருக்கேன்?"

"நீங்க இல்லன்னு சொல்லச் சொல்ல அந்த வீடியோவும் கூடவே வருதுங்க. அது இல்லாம இது புரியாதுல்ல?"

அவரே தொடர்ந்தார். "கோவிச்சுக்காதீங்க. அந்த வீடியோ எங்க ஊர்ல யாருக்கும் வரலைங்க. டவுன்லதான் சுத்துச்சு. நோட்டீஸப் பாத்துட்டுத்தான் எல்லாரும் என்ன விஷயம்னு தேடுனாங்க. எம்பொண்ணு ஸ்கூல்ல கேட்டாங்க. மாமனார் வீட்டுல கேட்டாங்க. திருடன் இல்லன்னு ஒருத்தன் மூஞ்சியப் பெருசாப் போட்டா, பாக்குறவங்க என்னங்க நெனப்பாங்க?"

உனக்கு இது எப்படிக் கேட்கும் என்று தெரியவில்லை. மூன்று பத்தி அகலத்துக்கு ஒரு படத்தைப் போட்டுப் பாராட்டு வாங்கிய நாம், அதே வேலையை அதே நம்பிக்கையோடு இங்கேயும் செய்திருக்கிறோம். முதல் தப்பை ஒரு போன் பேச்சில் செய்தோம். இரண்டாவது தப்பை பசை காய்ச்சி, வெயிலில் அலைந்து, ஊர் ஊராக ஒட்டியிருக்கிறோம்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிங்க சொல்றது? அந்த அக்கா மூஞ்செல்லாம் வேர்த்து, கையெல்லாம் பசையா நின்னுட்டிருந்தாங்க. எனக்காகன்னு ஒருத்தங்க அப்படிச் செய்யுறப்ப வேணாம்னு வாய் வரலைங்க. நீங்க ரெண்டு பேரும் போனப்புறம் எங்க ஊர்ல ஒட்டுனத மட்டும் கிழிச்சுட்டேன்" என்றார். பிறகு டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டேன். மூன்றாவது மாடிக்காரரை மட்டும் நேரில் போய்ப் பார்த்து, இது பொய், எடுத்துவிடுங்கள் என்றேன். யார் அவர் என்று கேட்டார். சொல்லவில்லை. இந்த மடலிலும் அவர் பெயர் இல்லை. என் தப்புக்கு ஊரறிய ஒரு திருத்தம் போட எனக்கு வழியில்லாமல் போயிற்று, அதை நான் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீ கட்டிலில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பு. தெரியாமல் சொன்னேன். இப்போது தெரிந்துவிட்டது. ஆனாலும் நீ மறுபடி அதே மூச்சிரைப்போடு அதையே கேட்டால் "போட்டோம்" என்றுதான் சொல்வேன். அவர் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றாரே, அதே காரணம்தான்.