காலை மாத்திரை போடும் ஒன்பது வீடு

2008 பிப். 4, திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. மகள் நித்யாவின் ரத்த ரிப்போர்ட் வாங்கினேன். டி.எஸ்.எச். இன்னும் ஏறியிருக்கிறது. பதினோரு வயதில் தைராய்டு மாத்திரை! ஏன் என்று கேட்டேன். டாக்டர் சொன்னதன் சாரம்: காரணம் பல இருக்கலாம், தண்ணீரில் நைட்ரேட் அதிகமானால் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வது தடைபடலாம். வீடு ஜீடிமெட்லா தொழிற்பேட்டைப் பக்கம், போர் தண்ணீர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
வாங்க: உளுந்து, அயோடின் உப்பு, நித்யாவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்.

பிப். 7
மூன்றாம் மாடி ஷமீம் பேப்பர் வாங்க வந்தாள். வேலூர்ப் பெண், ஐ.டி. வேலை. காபி நீட்டினேன்.
"வேணாம்க்கா. தைராய்டு மாத்திரை போட்டிருக்கேன், அரை மணி நேரம் ஆவணும்."
இவளுமா? நேற்று எதிர்வீட்டு லட்சுமியும் காலைக் காபியை மறுத்தாளே, விரதம் என்று. செவ்வாய்தானே அவளுக்கு விரதம்? நேற்று புதன்! நாளை முதல் காலை ஆறரைக்கு வீடு வீடாகக் காபி கொண்டுபோவது, மறுப்பவர்களிடம் மாத்திரையா என்று கேட்பது. அபார்ட்மென்ட் செக்ரட்டரி ராவ் வீடு மட்டும் வேண்டாம், அவரைக் கண்டால் பயம்.

பிப். 13
காபி வேட்டை முடிந்தது. பதினெட்டு வீட்டில் எங்களையும் சேர்த்து ஒன்பது! எல்லாம் கிசுகிசு. ஒருத்தி: மாமியாருக்குத் தெரியாது. இன்னொருத்தி: பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். யார் பெயரையும் வெளியே விடமாட்டேன் என்று எட்டு வாசலிலும் சத்தியம் செய்தேன்.
என் வீட்டுக்காரர்: "காப்பிப்பொடி எப்படித் தீந்துதுன்னு பாத்தேன். துப்பறியும் இலாகா நடத்தியிருக்கே!"

பிப். 19
போர் தண்ணீரை லேபுக்குக் கொடுத்திருந்தேன், ரிப்போர்ட் வந்தது. தண்ணீர் சுத்தம்! ராவ் தாளை ஆட்டிக் காட்டினார். "சூஷாரா மேடம்? மன போரு அம்ருதம்!" நம் போர் அமிர்தமாம், பார்த்தேனா என்கிறார். தலைகுனிந்து மாடி ஏறினேன்.
சாயங்காலம் குழம்புக்குப் புளி கரைக்கும்போது உறைத்தது. குடிக்க ஆர்.ஓ. ஃபில்டர் தண்ணீர், சமையலுக்கு போர். லேபுக்குக் கொடுத்த பாட்டிலை எதில் நிரப்பினேன்? ஃபில்டரில்! வெளியாளுக்குத் தண்ணீர் என்றதும் கை தானாக அங்கே போயிருக்கிறது. பாட்டிலுக்கு வெந்நீர்க் குளியல் வேறு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. தூ.
ஷமீம் வயிறு குலுங்கச் சிரித்தாள். "டெஸ்ட்டுக்குப் போற தண்ணிக்கும் விருந்தாக்கா?"

பிப். 20
மோட்டார் குழாயிலிருந்தே நேராகப் பிடித்தேன். ஷமீம் சாட்சி.

பிப். 27
நைட்ரேட் வரம்புக்கு மேல்! ஆடலாம் போலிருந்தது, உடனே அழுகை. இதில்தானே இத்தனை வருஷம் என் குழந்தைக்குச் சோறு பொங்கினேன். தைராய்டுக்கு இதுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் வாயில் வைக்கக்கூடாத தண்ணீர் என்று தாளே சொல்கிறது. எனக்கு அது போதும்.

மார்ச் 2, ஞாயிறு
மொட்டைமாடியில் கூட்டம். என் கோரிக்கை: போரை மூடு, மஞ்சீரா ஆற்றுக் குழாய் கொண்டுவா. ரிப்போர்ட்டை வாசித்தேன், ஒன்பது வீடு என்றேன்.
ராவ் எழுந்தார். "எவரு ஆ தொம்மிதி மந்தி? பேர்லு செப்பண்டி!" பெயர் வேண்டுமாம். வாயைத் திறக்கவில்லை, சத்தியம் சத்தியம்தான். பெயரே இல்லாவிட்டால் கட்டுக்கதை என்றார். சிலர் சிரித்தார்கள். கீழே இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது.
பின்வரிசையில் ஒரு குரல். "நேனு கூடா."
நானும்தான் என்கிறாள். யார்? ராவின் மனைவி விஜயா! மூன்று வருஷமாக மாத்திரை, அவருக்கே தெரியாமல் அரிசி டப்பாவில். என் கணக்கிலேயே இல்லாதவள்! அடுத்து ஷமீம் எழுந்தாள். லட்சுமி, மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே. பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். நான் ஒரு பெயரும் சொல்லவில்லை!
ஓட்டெடுப்பு: ஒருவர்கூட எதிர்ப்பு இல்லை. ராவும் கை தூக்கினார், விஜயா பார்த்த பார்வையில்.
ஜெயித்தோம், ஜெயித்தோம், ஜெயித்தோம்.

மார்ச் 30, ஞாயிறு
காலை 6.10. மஞ்சீரா தண்ணீர் வந்துவிட்டது. எல்லாப் பெண்களும் கீழே, நைட்டியில், குடத்தோடு. ஒரே கூச்சல். நித்யாவுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை மே மாதம். எண் எப்படி வந்தாலும் சரி, போர் தண்ணீர் இனி அவள் வயிற்றுக்குள் போகாது.
எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்தார். போர் மோட்டார் ஃபியூஸை யார் எடுப்பது என்று விஜயாவும் நானும் மரியாதை பார்த்துக்கொண்டு நின்றோம். நித்யா நடுவில் புகுந்தாள். "ஹட்டோ அம்மா, மைம் நிகாலூங்கி." தள்ளும்மா, நான் எடுக்கிறேன் என்று, பள்ளிக்கூட இந்தியில்.
ஒரே இழுப்பு.