தம்பி மாட்டியிருந்த கண்ணாடி

செவ்வாய், இரவு

இன்று சுப்பையாவை அறைந்துவிட்டேன். நாற்பது வயதுத் தம்பியை, சாலை பஜாரில் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில், மொத்த வியாபாரியின் முன்னால்.

வளைத்தாலும் தானே நிமிர்ந்து, காதை அழுத்தாமல் தலையை மெல்லப் பிடிக்கிற கண்ணாடிக் கம்பி. அதை உருவாக்க ஒரு வருஷம் பாடுபட்டேன். அவனோ சாதாரணக் கம்பிகளைச் சூடாக்கி வளைக்கும் கடைப் பழக்கத்தில், வியாபாரிக்குக் காட்ட வைத்திருந்த மூன்று மாதிரிகளையும் சுடுமணலில் செருகி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து வைத்திருந்தான். இனி அவை நிமிரா. பார்த்ததும் கை பாய்ந்துவிட்டது.

நான்காவது மாதிரி அவன் முகத்தில் இருந்தது. அடி விழுந்த வேகத்தில் கம்பி வெளியே விரிந்து, பழையபடி வந்து ஒட்டிக்கொண்டது.

"ஒடிஞ்சில்லல்லோ. ஸாதனம் கொள்ளாம்," ஒடியவில்லை, சரக்கு தேவலை என்று மலையாளத்தில் சொல்லி வியாபாரி சிரித்தார். நானும் அவன் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்தில் கம்பியைத்தான் முதலில் பார்த்தேன். அவன் உதட்டில் ரத்தத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அந்த மாதிரியை ஒரு வாரமாக அவன்தான் மாட்டிக்கொண்டு நடக்கிறான். கடை பூட்டும்போது, எங்கே வலிக்கிறது என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வேன். இன்று நோட்டை எடுக்கவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டு அவனே சொன்னான்.

"காதுல வலி ஒண்ணும் இல்லண்ணே. எழுதிக்கிடுங்க."