உன் பெயரில்லாத ஆல்பம்

ஏட்டி,

நீ என்னைக் கூப்பிட்ட மாதிரியே உன்னைக் கூப்பிட்டுவிட்டேன், பொறுத்துக்கொள். மடியில் என் பெண்ணின் சின்னக் கீபோர்டு இருக்கிறது. காதில் உங்கள் மியூசிக் பாண்டின் முதல் ஆல்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது பாட்டைக் கீபோர்டில் தேடிப் பார்க்கிறேன், எந்தக் கட்டையை அழுத்தினாலும் சேரமாட்டேன் என்கிறது. ஒரு கட்டை கொஞ்சம் கீழே இருக்கிறது, பக்கத்துக் கட்டை கொஞ்சம் மேலே இருக்கிறது, பாட்டு இரண்டுக்கும் நடுவில் எங்கோ போகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

மூன்றாவது பாட்டு உன்னுடையது. கல்லூரி விட்டதும் மாட்டுங்கா பூக்கடைகள் வழியாக நடந்து வரும்போது நீ அதை எனக்குப் பாடிக் காட்டியிருக்கிறாய். அப்போது அதற்கு வார்த்தைகூடக் கிடையாது, வெறும் மெட்டுதான். பூ வாங்க நின்ற மாமி ஒருத்தி திரும்பிப் பார்த்ததும் வெட்கப்பட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அந்த மெட்டை இப்போது வேறு ஒரு பெண் பாடுகிறாள். விவரம் போட்டிருக்கும் இடத்தில் உன் பெயரைத் தேடினேன். "பாடலும் இசையும்: நாலு கட்டிங்" என்று பாண்டின் பெயர் மட்டும் இருக்கிறது. அட்டைப்படத்தில் நான்கு கட்டிங் சாய் கிளாஸ்கள், பம்பாய்க் கடைகளில் தரும் அரை டீ. நாலாவது கிளாஸ் உன்னுடையதா, உன் இடத்துக்கு வந்தவளுடையதா என்று யாரைக் கேட்பது?

நீ இருந்தால் சிரித்திருப்பாய். "நீ யாரத்தாம்டி நம்புவ? பால்காரர நம்ப மாட்ட, ஆட்டோ மீட்டர நம்ப மாட்ட" என்பாய். நீ எல்லாரையும் நம்பினாய். பாடுவதைப் போனில் பதிந்து கேட்டவனுக்கெல்லாம் அனுப்பினாய். இது அவனவன் பெயரில் வெளியே வந்துவிடும் என்று நான் கத்தினால், "வந்துட்டுப் போட்டும், பாட்டுதானே" என்பாய். உனக்கும் சேர்த்து நான்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராமல் போன பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை.

இதையெல்லாம் விட்டுவிடலாம் என்றால் உன் அம்மா விடமாட்டாள். ஆல்பம் வந்த செய்தி எப்படியோ தாராவியில் உங்கள் வீடு வரைக்கும் போய்விட்டது. போனில் கூப்பிட்டாள். "பாட்டு வந்துருக்காமே. நான் கேக்க மாட்டேன். அவ கொரலு திடுக்குன்னு வந்துட்டா எனக்குத் தாங்காது. நீ மொதல்ல கேட்டுட்டு வந்து சொல்லு, எம்புள்ள அதுல இருக்காளா இல்லையான்னு." சரி என்று சொல்லிவிட்டேன். எட்டுப் பாட்டையும் கேட்டாயிற்று. உன் குரல் எதிலும் இல்லை, உன் பெயரும் இல்லை. இருப்பது உன் மெட்டு, அதுவும் கட்டை தவறிப்போய். திருடிய பாட்டை யாரும் கண்டுபிடிக்காமல் இருக்கச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி விடுவார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். உன் அம்மாவிடம் போய் இதையா சொல்வது?

இதுவரைக்கும் நேற்று எழுதியது. ஆத்திரம் தாங்காமல் சேகருக்குப் போன் செய்தேன். உன் பக்கத்தில் நின்று கீபோர்டு வாசித்த அதே சேகர்தான், மாட்டுங்காக்காரன். எடுத்ததும் "ஆல்பம் கேட்டியா?" என்றான், ஆசையாக.

"கேட்டேன். சுருதிய ஏன் மாத்தின? யார்கிட்டேர்ந்து மறைக்கறதுக்கு?"

"அரே, மாத்தலை. அதான் அவ சுருதி. அவாத்துக் கிரைண்டர் ஓடுமே, அந்தச் சத்தத்துக்குத்தான் கிடாரைச் சேத்துப்பா. நான் கீபோர்டை அதுக்குத் தகுந்தாப்ல ஏத்தி வெச்சுப்பேன். ஸ்டுடியோக்காரன் சரி பண்ணித் தரேன்னான். வேண்டாம்னுட்டோம். நம்பலைன்னா உன்கிட்ட அவ அனுப்பின பழைய ரெக்கார்டிங் இருக்குமே, ரெண்டையும் சேத்து ஓட விட்டுப் பாரு."

நான் நம்பவில்லை, ஓட விட்டுப் பார்த்தேன். உன் பதிவில் ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் பின்னால் கிரைண்டர் உறுமுகிறது. பாவம், வீட்டில் அமைதியே இல்லை, பொறுத்துக்கொண்டு பாடுகிறாள் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்திருந்தேன். அதன்மேல் ஆல்பத்துப் பாட்டைப் போட்டதும் இரண்டும் ஒட்டிக்கொண்டு போயின. கிரைண்டர் இல்லாத பாட்டுக்கு உன் கிரைண்டர் சுருதி போட்டது. நான் அழுதேன் ஏட்டி. அழுது முடித்துவிட்டு மறுபடியும் சேகரைக் கூப்பிட்டு, "சரி, பேர் ஏன் இல்லை?" என்று கேட்டேன்.

"அவ அம்மாகிட்டக் கேக்காம எப்படிப் போடறது? அங்கே போய் நிக்க எங்க யாருக்கும் தைரியம் வரலை. நீ கேட்டுச் சொல்லு, உடனே மாத்திடறேன்" என்றான். இது நிஜமா, சாக்கா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இன்று மத்தியானம் தாராவிக்குப் போனேன். உன் அம்மா இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைக்கூடப் பார்க்காமல், "இருக்காளா?" என்றாள். "அவ குரல் இல்ல ஆன்ட்டி. மெட்டு அவளோடது. பயப்படாம கேக்கலாம்" என்றேன். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கிரைண்டரை நிறுத்தப் போனேன். "அது பாட்டுக்கு ஓடட்டும், மாவு பதம் கெட்டுரும்" என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

போனை நடுவில் வைத்து மூன்றாவது பாட்டைப் போட்டேன். அந்தப் பெண் முதல் வரியைப் பாடினாள். உன் அம்மா தலையை ஆட்டிக் கேட்டாள். இரண்டாவது வரியில் மெல்ல முனக ஆரம்பித்தாள். நடுவில் மெட்டு ஒரு இடத்தில் சடக்கென்று திரும்புமே, பாட்டு அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே உன் அம்மாவின் முனகல் அங்கே திரும்பிவிட்டது. போனை நிறுத்திவிட்டேன்.

"ஆன்ட்டி, இத அவ உங்களுக்குப் பாடிக் காட்டியிருக்காளா?"

"அவ எங்கட்டி எனக்குப் பாடிக் காட்டுனா? இது நான் மாவாட்டும்போது முனங்குறதுல்லா. சும்மா, பொழுது போவணுமேன்னு. ஒரு நேரம் இப்படி வரும், ஒரு நேரம் அப்படி வரும். அவ அந்த மூலையில உக்காந்து போன நோண்டிக்கிட்டுக் கெடப்பா." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். கிரைண்டரைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "களவாணி" என்றாள். "களவாணிச் சிறுக்கி, எம் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டாடி கெடந்திருக்கா." அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாவு பொங்கி வழிந்த பிறகுதான் எழுந்தோம்.

பெயர் விஷயத்தைச் சொல்லி, உங்கள் பெயரைப் போடச் சொல்லவா என்று கேட்டேன். "எம் பேரா? போடி அங்கிட்டு. எம்புள்ள பேரப் போடச் சொல்லு" என்றாள். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது. நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பால்காரரைச் சந்தேகப்பட்டேன், சேகரைச் சந்தேகப்பட்டேன், அந்தப் பாவப்பட்ட பாட்டுக்காரப் பெண்ணைக்கூடச் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. குர்லாவில் ரயில் மாறிச் செம்பூரில் வீடு வருகிறவரைக்கும் அந்த மெட்டு என் வாயிலேயே இருந்தது. நான் முனகியது உன்னுடையதா, உன் அம்மாவுடையதா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

சேகர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டான். நான் இன்னும் எடுக்கவில்லை. யார் பெயரைச் சொல்ல, ஏட்டி?