நான்கு நிமிடம் நின்ற பேருந்து

பாய்,

கடந்த திங்கட்கிழமை மாலை, பொத்தேரி ரயில் நிலைய நடைமேடையில் நான் ஒரு முக்கிய முடிவை எடுத்தேன் என்பதை உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஏறிவந்த கடைசிப் பெட்டியைக் கைவிட்டு, நடுப்பெட்டி ஒன்றில் ஏறுவது என்பதே அந்த முடிவு. நெடுநேர யோசனைக்குப் பின் எடுக்கப்பட்டது. எதிர்ப்பு எதுவும் எழவில்லை. உடனே நடைமுறைக்கு வந்தது.

நடுப்பெட்டியில் உட்கார இடமும் கிடைத்தது. மூக்குக்கண்ணாடி வியர்வையில் மங்கியிருந்ததால் துடைக்கப் பைக்குள் கைவிட்டேன். உங்கள் நீலத் துணி வந்தது. தாம்பரம் கடையில் நீங்கள் லென்ஸ் தேய்த்த மேசையின் மருந்து வாடை அதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நான் சட்டை நுனியால் கண்ணாடி துடைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் கொடுத்தீர்கள். "படிச்சவங்கதான் சார் லென்ச கெடுக்கறது" என்றீர்கள். நமக்குள் நடந்த முதல் பேச்சு அது.

கடைசிப் பெட்டி என்பது உங்கள் கண்டுபிடிப்பு. செங்கல்பட்டில் மேம்பாலப் படிக்கட்டுக்கு நேராக நிற்பது அதுதான். ரயில் வந்து சேரும் நேரம் 6.24. புதுப்பட்டினம் பேருந்து புறப்படும் நேரம் 6.25. இரண்டு இலாகாக்களும் தத்தம் கால அட்டவணையைக் குறையின்றித் தயாரித்திருந்தன. நடுவே இருந்த மேம்பாலம் மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை. ஓடினால் மூன்று நிமிடம், மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஐந்து.

அந்த இடைவெளியைத்தான் நீங்கள் ஒரு பழைய பட்டன் போனால் மூடினீர்கள். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதும் போனைக் கையில் எடுப்பீர்கள். பரனூரில் ரயில் கிளம்பியதும் நடத்துநர் ஏழுமலைக்கு அழைப்பீர்கள்.

"பரனூர் தாண்டிட்டோம்பா. நாலு நிமிசம் குடு."

"நாலெல்லாம் முடியாது பாய், ரெண்டு. டைம் கீப்பரு மொறச்சிகினு கீறாரு."

"ரெண்டுல நான் மட்டும்தான் வருவேன். பின்னால முப்பது பேரு கீறாங்க."

அதோடு ஏழுமலை பேருந்திலிருந்து இறங்கி டயர்களைக் கல்லால் தட்டத் தொடங்குவார். ஓட்டுநரும் இறங்கி வந்து தட்டுவார். ஆறு டயர்களையும் தட்டி முடிக்கச் சரியாக நான்கு நிமிடம் ஆகும். மாநிலத்திலேயே அதிகம் சோதிக்கப்பட்ட டயர்கள் அவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடைசி டயரைத் தட்டும்போது நாம் மூச்சிரைக்க ஏறுவோம். உடனே வீட்டுக்கு இன்னொரு அழைப்பு செய்வீர்கள். ஏறியாகிவிட்டது, உலை வைக்கலாம் என்று.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருமுறை ஒருங்கிணைந்த பொதுப் போக்குவரத்தும் வட்டார வளர்ச்சியும் என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. நூலகத்திலிருந்து யாராவது போக வேண்டும் என்றார்கள், போனேன். திரையில் ஒரு ரயில், ஒரு பேருந்து, நடுவே அழகான பச்சை அம்பு. ஒரே பயணச்சீட்டு, ஒரே செயலி, ஒரே அட்டை. மாலையில் ரயிலில் அதையெல்லாம் உங்களுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டீர்கள்.

"அந்த அம்பு எத்தினி நிமிசம் சார்?"

அதை யாரும் அங்கே கேட்கவில்லை. கேட்டிருந்தால் கருத்தரங்கு தேநீருக்கு முன்பே முடிந்திருக்கும்.

அட்டவணையில் இல்லாத அந்த நான்கு நிமிடம் என்னவெல்லாம் செய்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். மாலையில் நேரத்துக்கு வீடு திரும்பலாம் என்று உறுதியானதும் புதுப்பட்டினத்தில் இரண்டு மூன்று வீடுகளில் பெண்களை விடுதியில் சேர்க்காமல் தினமும் கல்லூரிக்கு அனுப்பினார்கள். திருக்கழுக்குன்றத்தில் நம் பேருந்து நிற்கும் இடத்தில் ஓர் அம்மாள் போண்டாக் கடை போட்டார். போண்டா வேகும் நேரத்தை ஏழுமலையின் நேரத்துக்கு வைத்துக்கொண்டார். என் மனைவிக்குப் பேருந்து வழியிலுள்ள அணுபுரம் பள்ளியில் வேலை, எனக்குப் பொத்தேரியில். கடன் வாங்கி வீடு கட்டியது புதுப்பட்டினத்தில். ஒருபக்கம் ரயில், மறுபக்கம் கடல், நடுவே நான். இந்த ஏற்பாட்டை நான் வாழ்க்கை என்று நம்பியதே ஆறு இருபத்தைந்தை நம்பித்தான்.

செல்வி அதைவிட அதிகம் நம்பியிருந்தாள். மறைமலைநகரில் கார் இருக்கை உறை தைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ரயிலில் உங்களிடம்தான் விசாரித்தாள். வீட்டில் அவளும் மூன்று வயது மகளும் மட்டும். மகளை விடும் அணுபுரம் காப்பகத்தை ஏழரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஆறு இருபத்தைந்தைப் பிடித்தால் ஏழு இருபதுக்குப் போய்விடலாம். அதைத் தவறவிட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான், அதுவும் மாமல்லபுரம் பேருந்து. பூஞ்சேரியில் இறங்கி மாற வேண்டும். "பிடிச்சிடலாமா பாய்?" என்று கேட்டாள். "நீ ரயில பிடி. பஸ்ஸ நான் பிடிக்கறேன்" என்றீர்கள்.

நீங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். விடுமுறை நாளாகப் பார்த்துப் போனதால் யாருக்கும் தாமதம் ஏற்படவில்லை. அடக்கத்துக்கு ஏழுமலை காக்கிச் சட்டையோடு வந்து, கடைசி வரிசையில் நின்றுவிட்டு, பணிக்குத் திரும்பினார்.

மறுநாள் ரயில் பரனூர் தாண்டியது. யாரிடமும் ஏழுமலையின் எண் இல்லை. இறங்கி ஓடினோம். பேருந்து நின்றிருந்தது. அழைப்பு வராததால் ஏழுமலை பழக்கத்தில் உங்கள் எண்ணுக்கே அழைத்திருக்கிறார். உங்கள் மனைவி எடுத்து, "இந்நேரம் பரனூர் தாண்டியிருப்பாங்கப்பா" என்று சொன்னாராம்.

அன்றே எண்ணை வாங்கிக்கொண்டேன். பரனூரில் அழைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. உங்களைப் போல அதட்ட வராது; விண்ணப்பம் போலக் கேட்பேன். அவரும் டயரைத் தட்டினார். எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது.

ஒருநாள் செல்வி கேட்டாள். "ஏழுமலை அண்ணன வேற ரூட்டுல போட்டா இன்னா சார் பண்றது? பாப்பா பூட்டுன கதவுகிட்ட நிப்பா." எனக்கும் அதே பயம் இருந்தது. ஒரு மனிதரின் போனில் ஒரு வட்டாரமே தொங்கக் கூடாது என்று தோன்றியது. எழுதத் தெரிந்தவனுக்கு வரும் வியாதி இது.

போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதலாம் என்ற இதே யோசனையை நீங்கள் இருந்தபோதே ஒருமுறை சொன்னேன். அப்போது சொன்னீர்கள்: "எழுதாதீங்க சார். எழுதினா அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

எழுதினேன். நல்ல தமிழில், இரண்டு பக்கம், பாராட்டுக் கடிதம். ரயில் பயணிகளுக்காக நாள்தோறும் நான்கு நிமிடம் காத்திருக்கும் நடத்துநரின் மனிதநேயம். அதனால் கரையோர மக்கள் அடைந்த பயன். அந்த நான்கு நிமிடத்தை அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும் என்ற பணிவான கோரிக்கை. நடத்துநரின் பெயர், வழித்தடம், நேரம் எதையும் விடவில்லை. ஆதாரமில்லாமல் எழுதும் பழக்கம் எனக்கில்லை.

பதில் மூன்றே வாரத்தில் வந்தது. மேற்படி பேருந்து தொடர்ந்து தாமதமாகப் புறப்படுவதாகத் தாங்கள் அளித்த புகார் விசாரிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட பணியாளரிடம் விளக்கம் கோரப்பட்டுள்ளது. இனி பேருந்து குறித்த நேரத்தில் இயக்கப்படும். புகார் தீர்க்கப்பட்டதாக முடித்துவைக்கப்படுகிறது.

ஏழுமலை என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "மெமோ குட்த்துட்டாங்க சார். மதுராந்தகம் ரூட்டுக்கு மாத்திட்டாங்க. பாராட்டித்தான் எழுதினீங்களாமே, கிளார்க்கு சொன்னாரு" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பாய் இருந்தா எழுத வுட்டிருக்க மாட்டாரு" என்றார்.

கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். முடித்துவைத்த புகாரைத் திறக்கப் புதிய புகார் வேண்டும் என்றார்கள். அதில் நான் என்ன எழுத வேண்டும்? பேருந்து நேரத்துக்குப் புறப்படுகிறது, தடுத்து நிறுத்துங்கள் என்றா? இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் ஏழுமலை வேண்டுமென்றே தாமதித்தார் என்பது கூடுதலாக நிரூபணமாகிறது. கிழித்துப்போட்டேன். எதை அசைத்தாலும் யாருக்கோ ஒரு மெமோ வருகிறது.

புதிய நடத்துநர் நல்லவர். 6.25க்கு விசில் கொடுத்துவிடுகிறார். மேம்பாலத்தின் உச்சிப் படியில் நின்றால் பேருந்து வெளியேறுவது நன்றாகத் தெரியும், விளக்கெல்லாம் எரிய, உள்ளே யாருமில்லாமல். முதல் வாரம் ஓடிப் பார்த்தோம். கல்லூரிப் பெண்கள்கூட ஓடித் தோற்றார்கள். செல்வி காப்பகத்து ஆயாவிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டாள். ஆயா ஒரு வாரம் காத்திருந்தார். அவருக்கும் பிடிக்க வேண்டிய பேருந்து ஒன்று இருந்தது.

இன்றைக்கும் பரனூரில் ரயில் கிளம்பும்போது என் கை தானாகப் போனுக்குப் போகிறது. ஏழுமலையின் எண்ணைத் திரையில் கொண்டுவருகிறேன். எழுதாதீங்க சார் என்று நீங்கள் சொன்னது கேட்கிறது. போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அவர்களுக்குத் தெரியவராத இந்த ஒரு மடலை மட்டும் எழுதுகிறேன். இதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை.

போன வாரம் பேருந்து நிலையத் தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். போதிய பயணிகள் இல்லாததால் மாலை 6.25 புதுப்பட்டினம் நடை நிறுத்தப்படுகிறது.

செல்வி வெள்ளிக்கிழமை கம்பெனி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.